தரையைச் சரி செய்வோம், பிறகு ஆடுவோம்

நேயர்களுக்கு வணக்கம். நம் மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப் பட்டணத்தில் நடனம் கற்கும் பிள்ளை பெரும்பாலும் பரதத்தில்தான் தொடங்குகிறது. அதே பிள்ளை பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். எழுதும் வயதில், நவீன நடனம் ஆட வேண்டும், சொந்தமாக நடனம் அமைக்க வேண்டும் என்று கேட்டால், கோலாலம்பூருக்கு எப்படி அனுப்புவது என்றுதான் வீட்டில் யோசிப்பார்கள். அதற்கு முன்னால் இங்கேயே முடிக்க வேண்டிய வேலை நிறைய இருக்கிறது.

கற்ற பரதம் வீண்போகாது. 1985-இல் சென்னை நடனக் கலைஞர் சந்திரலேகா ‘அங்கிகா’ என்ற நடனத்தை அமைத்தபோது பரதத்தோடு களரிப்பயட்டையும் யோகாவையும் சேர்த்துக்கொண்டார். நம் நாட்டில் சூத்ரா நடன அரங்கை 1983-இல் தொடங்கிய ராம்லி இப்ராஹிம் பாலே, ஒடிசி, பரதம் மூன்றிலும் பயின்றவர். முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டியும் தாளமும் பெரிய மூலதனம். ஆனால் பரதத்தில் முதுகு நிமிர்ந்தே நிற்கும். நவீன நடனத்தில் உடம்பு சாய வேண்டும், விழ வேண்டும், எழ வேண்டும். விழப் பழகாதவர் கையை ஊன்றித் தப்பிக்கப் பார்ப்பார். மணிக்கட்டு அங்கேதான் அடிபடுகிறது.

நின்றபடி விழுந்து பழகாதீர்கள். குந்தி உட்கார்ந்து தொடங்குங்கள். மூச்சை வெளியே விட்டபடி கெண்டைக்காலின் வெளிப்புறம், தொடை, பிட்டம், விலா என்று வரிசையாகத் தரையைத் தொட வேண்டும். கை ஊன்றாமல் தரையோடு வழுக்கிக்கொண்டு நீள வேண்டும். ‘தொப்’பென்று சத்தம் வந்தால் எலும்பு இடிக்கிறது என்று பொருள். உருளும்போது ஒரு தோளிலிருந்து எதிர் இடுப்புக்குக் குறுக்காகப் போங்கள். கழுத்தின் மேல் பாரம் ஏறவே கூடாது. இரண்டு பக்கமும் சத்தமில்லாமல் வந்த பிறகு அரைமண்டியிலிருந்து விழலாம். அதற்கும் பிறகுதான் நின்ற நிலை.

தரை விஷயத்துக்கு வருகிறேன். மண்டபங்களில் இருப்பது சிமெண்டு, அதன்மேல் ஓடு. தட்டுவதும் குதிப்பதும் அதில் நேராக முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் ஏறும். அதன்மேல் பலகைத் தரை போட 16-க்கு 24 அடி இடம் போதும். 8-க்கு 4 அடி, 12 மில்லிமீட்டர் பிளைவுட் பலகை ஓர் அடுக்குக்கு 12, இரண்டு அடுக்குக்கு 24 வாங்க வேண்டும். அடியில் ஓர் அடிக்கு ஒன்றாகக் கெட்டியான நுரைக் கட்டைகளை ஒட்டுங்கள். மேல் அடுக்கைக் குறுக்காகப் போட்டு, சில பலகைகளைப் பாதியாக அறுத்துத் தள்ளி வையுங்கள். மேல்மூட்டும் கீழ்மூட்டும் ஒரே இடத்தில் வந்தால் அங்கே தரை உடையும். ஸ்க்ரூ 20 மில்லிமீட்டர் போதும், தலை பலகைக்குள் அமிழ வேண்டும். வீட்டுக்குப் போடும் பிளாஸ்டிக் விரிப்பை மட்டும் மேலே விரிக்காதீர்கள். வியர்வை பட்டால் வழுக்கும்.

பலகை போடும்வரை குதிப்பதைத் தள்ளி வையுங்கள். கணுக்காலுக்கு மேலே கால் எலும்பின் உள்பக்க ஓரத்தில் நீளமாக வலித்தால் பயிற்சியைக் குறைத்து ஓய்வு கொடுக்க வேண்டும். ஒரே புள்ளியில், விரல் வைத்தால் துடிக்கும்படி, இரவிலும் வலித்தால் எலும்பில் விரிசலாக இருக்கலாம். தைலம் தேய்த்துக்கொண்டு ஆடாமல் மருத்துவரிடம் போய்விட வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடு என்று பிள்ளைகளிடம் சொல்லும் ஆசிரியர்கள் தயவுசெய்து இதைக் கவனியுங்கள்.

நடனம் அமைக்க, பரதத்தின் அடிப்படை அசைவுகளில் ஒன்றான நாட்டடவு ஒன்றே போதும். எட்டு எண்ணிக்கைக்கு ஆடுங்கள். பிறகு கையை விட்டுவிட்டுக் காலால் மட்டும், மல்லாந்து படுத்து, பார்வையாளருக்கு முதுகு காட்டி, முதல் நான்கை பதினாறாக நீட்டி, கடைசி நான்கை இரண்டாகச் சுருக்கி என்று ஒவ்வொரு விதமாகவும் ஆடிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒட்டிவிட்டால் நடனம் ஆகிவிடாது. இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உடம்பு எப்படிப் போகிறது என்பதிலேயே நேரத்தைச் செலவிடுங்கள். புதிதாக அமைப்பவர்கள் தடுமாறுவது அந்த இடத்தில்தான்.

கைப்பேசியில் எதிரிலிருந்து ஒரு முறை, பக்கத்திலிருந்து ஒரு முறை படம் பிடியுங்கள். எதிரில் அழகாகத் தெரியும் அரைமண்டியில் பிட்டம் பின்னால் தள்ளியிருப்பது பக்கப் படத்தில் தெரிந்துவிடும். அஸ்வாரா போன்ற கலைக்கழகத்தில் ஆடிக்காட்டும் தேர்வுக்குப் போக நினைப்பவர்கள், முதலில் அந்தப் படத்தை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பாட்டில்லாமல் எந்த இடம் வெறுமையாகத் தெரிகிறதோ, அதை வெட்டிவிடுங்கள்.