7.5 லட்சம் சால்மன் போச்சு… ஆனா எந்த ஆத்துக்கு?

[திரையில்: பொன்வில் அணை, மீன் எண்ணும் கண்ணாடி ஜன்னல்]

அமெரிக்காவோட வடமேற்குல ஓடுற கொலம்பியா ஆறு. கடல்ல இருந்து ஏறி வர்ற சால்மனுக்கு எதிர்ப்படுற முதல் அணை பொன்வில், 1938ல திறந்தது. மீன் ஏறிப்போக படிப்படியா ஒரு தண்ணிப் பாதை வெச்சிருக்காங்க. பக்கத்துலயே கண்ணாடி ஜன்னல். அங்க கடந்து போற சால்மனை இனம் பிரிச்சு எண்ணுறாங்க. 2024ல சாக்கைங்கிற சிவப்பு சால்மன் மட்டும் 7.5 லட்சத்துக்கும் மேல. இந்த அணையில இதுவரைக்கும் பதிவானதுல இதுதான் உச்சம்.

சால்மன் பொழச்சிருச்சுன்னு தலைப்பு போட இது போதும். ஆனா சால்மன் பொறந்த தண்ணிக்கேதான் திரும்பும். ஒரு கிளை நிரம்பி வழிஞ்சா இன்னொரு கிளைக்கு ஒண்ணும் ஆகப்போறதில்ல.

[வரைபடம்: இரண்டு கிளைகள்]

அந்தக் கூட்டத்துல பெரும்பகுதி வடக்க, கனடாவுக்குள்ள போற ஒகனாகன் கிளைக்குப் போனது. கிழக்க, ஸ்னேக் ஆறு வழியா போனா, ஐடஹோ மாநில மலையில ரெட்ஃபிஷ் ஏரி இருக்கு. கடல்ல இருந்து சுமார் 1,450 கிலோமீட்டர், ஏறவேண்டிய உயரம் கிட்டத்தட்ட 2,000 மீட்டர். இங்க வர்ற சிவப்பு சால்மன் கூட்டத்தை 1991ல அழியும் நிலை இனமா அறிவிச்சாங்க. அடுத்த வருஷம் ஏரிக்குத் திரும்புனது ஒரே ஒரு ஆண் மீன். ‘தனிமையில இருக்கற லாரி’ங்கிற அர்த்தத்துல அதுக்கு லோன்சம் லாரின்னு ஆள் பேர் வெச்சு, அதோட விந்தை உறைய வெச்சு, இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்துனாங்க.

ரெட்ஃபிஷ் கூட்டம் இப்படிக் கொறைஞ்சதுக்கு அணைதான் காரணமா? ஒகனாகன் மீன் 9 அணை தாண்டுது, ரெட்ஃபிஷ் மீன் 8தான். அப்போ வேற கதையும் இருக்கு.

ஒகனாகன்ல, ஆத்துக்குள்ள முட்டை இருக்கற மாசங்கள்ல அது அடிச்சுட்டுப் போகாம, காஞ்சும் போகாம, கணக்குப் பாத்து தண்ணி திறக்குறாங்க. அங்கத்த பூர்வகுடி மக்கள், மீன் அத்துப்போன ஸ்காஹா ஏரியில திரும்பக் குஞ்சு விட்டாங்க. ஐடஹோவுல நடந்தது தலைகீழ். 1910ல ஒரு சுரங்கத்துக்கு மின்சாரம் எடுக்க சன்பீம் அணை கட்டி பாதையை மறிச்சாங்க; 1934ல வெடிவெச்சு உடைக்கிற வரைக்கும் அது நின்னுச்சு. 1950, 60கள்ல மாநில மீன் துறையே பக்கத்து ஏரிகள்ல விஷம் கலந்துச்சு. அங்க இருந்த மீனைக் கொன்னுட்டு, தூண்டில்காரங்களுக்கு டிரவுட்ங்கிற வேற மீனை வளர்க்கணுமாம்!

அதுக்காக அணைகளை விட்டுட முடியாது. 1975க்குள்ள கீழ் ஸ்னேக்ல 4 அணை வந்துச்சு. கடலுக்கு இறங்குற குஞ்சுகளை இழுத்துட்டுப் போன ஓட்டம் நின்னு, தேங்குன தண்ணியாச்சு. வெயில்ல அது சூடாகவும் செய்யுது. 2015 கோடையில கொலம்பியா முழுக்க சுமார் 2.5 லட்சம் சிவப்பு சால்மன் செத்துச்சு. ஸ்னேக் பக்கம் கிளம்புனதுல ஏரியை எட்டுனது ரொம்பச் சொற்பம்.

[திரையில்: தண்ணித் தொட்டி வெச்ச லாரி]

இப்ப தண்ணி ரொம்ப சூடாகுற வருஷங்கள்ல அந்தக் கீழ் ஸ்னேக் அணைகள்ல ஒண்ணான லோயர் கிரானைட்லயே மீனைப் பிடிச்சு, லாரியில ஏத்தி, ஐடஹோவுல மீன் குஞ்சு பொரிக்கிற பண்ணைக்குக் கொண்டு போறாங்க. பொன்வில் ஜன்னல்ல அந்த மீனையும் ஏற்கெனவே எண்ணியாச்சு.