எல்லாம் ஞாபகம் இருக்கு, கைதான் பழகல

(காட்சி: பெங்களூரு அலசூர். சின்ன சமையலறை. டவரா, டம்ளர்.)

எங்க பெரியப்பாவுக்கு பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருஷம். வாய் பேசிக்கிட்டே இருக்கும், கை தன் பாட்டுக்கு காபி ஆத்தும். அப்படிப்பட்ட மனுஷன். இப்போ டம்ளரை உத்துப் பாத்தாதான் ஆத்த முடியுது. நடுவுல பேச்சு கொடுத்தோம், பாதி காபி மேடைல.

புது இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி மாசம் ஒண்ணாச்சு. தினமும் பட்டனைத் தேடுறாரு. "மறதி வந்துருச்சுடா"ன்னு பெரியம்மா புலம்புறாங்க. மறதியா? எந்தக் கடை, என்ன விலை, எவ்வளவு பேரம் பேசினோம்னு அவரையே கேளுங்க, புட்டுப் புட்டு வைப்பாரு!

(காட்சி: மூளைப் படம்.)

நேத்து நடந்ததை இன்னைக்கு சொல்றதுக்கு மூளைல ஹிப்போகாம்பஸ்ங்கிற பகுதி வேணும். சைக்கிள், கோலம், காபி ஆத்துறதுன்னு செஞ்சு செஞ்சு படியுற பழக்கத்துக்கு முக்கியமானது ஸ்ட்ரையாட்டம்ங்கிற இன்னொரு பகுதி. அதுக்கு டோபமின்ங்கிற, மூளைல சேதி கடத்துற ரசாயனம் வேணும். பார்க்கின்சன்ல அந்த டோபமினை அனுப்புற செல்கள்தான் அழியுது. ஆனா பெரும்பாலும் கை நடுக்கம்தான் நம்ம கண்ணுல படும்.

(காட்சி: மேஜைல நாலு சீட்டு.)

1996-ல நோல்டன், மாங்கெல்ஸ், ஸ்கொயர்னு மூணு ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டாங்க. சீட்டைப் பாத்து மழையா வெயிலான்னு ஊகிக்கணும். சரியா தப்பான்னு உடனே தெரிஞ்சிடும். ஆனா எந்தச் சீட்டையும் முழுசா நம்ப முடியாது. நம்ம ஊரு சாயங்கால வானம்னு வெச்சுக்குங்களேன். மனப்பாடம் உதவாது, ஆடி ஆடித்தான் பிடிபடும்.

அம்னீசியா, அதாவது நடந்தது ஞாபகத்துல நிக்காத குறை உள்ளவங்களுக்கு, ஆட்டம் மெல்லப் பிடிபட்டுது. ஆனா அந்த ஆட்டத்தைப் பத்திக் கேட்டா பதில் தெரியல. பார்க்கின்சன் உள்ளவங்க நேர் எதிர். என்ன ஆடினோம்னு நல்லா ஞாபகம் இருந்துச்சு, ஆட்டம்தான் படியல.

தானா கத்துக்கிறது எல்லாமே போயிடும்னு நினைச்சுடாதீங்க. எழுத்து வரிசைக்குள்ள ஒளிஞ்சிருக்கிற விதியைப் பிடிக்கிற சோதனைல, 1999-ல, பார்க்கின்சன் உள்ளவங்க மத்தவங்களுக்குக் குறையாம செஞ்சாங்க. 2004-ல இன்னொண்ணு தெரிஞ்சுது, எனக்கு அதுதான் பெருசு. ஊகிக்க விட்டு சரி, தப்பு சொன்னப்போ தடுமாறினாங்க. விடையையும் சேத்துக் காட்டினப்போ கத்துக்கிட்டாங்க.

பெரியம்மாகிட்ட இதைச் சொன்னேன். "அது இல்ல, அது இல்ல"ன்னு அவங்க கத்துறது கொஞ்சம் குறைஞ்சிருக்கு.

(காட்சி: அடுப்பு, கிட்டத்துல. ஒரு பட்டன் மேல மெரூன் ஸ்டிக்கர் பொட்டு. நடுங்குற விரல் அதைத் தேடி வந்து அமுக்குது.)