கல்லுக்குப் பின்னாடி போய்ப் பாருங்க

வணக்கம். எந்த ஊர்ல நினைவுக்கல்லைப் பாத்தாலும் நான் சுத்திப் பின்பக்கம் போயிடுவேன், கூட வர்றவங்களுக்கு எரிச்சலாத்தான் இருக்கும். ஆனா யார் வச்சாங்க, எப்போ வச்சாங்க, எதை எழுதாம விட்டாங்க, இதெல்லாம் அங்கதான் தெரியும்.

இதுக்கு ஜெனீவால ஷாம்பெல்ங்கிற இடத்துல இருக்கிற கல்லு மாதிரி ஒண்ணு கிடைக்காது. மைக்கேல் செர்வெட்டஸ்னு ஸ்பெயின்காரர், டாக்டர், ரத்தம் இதயத்துலேர்ந்து நுரையீரலுக்குப் போய்த் திரும்புதுன்னு ஐரோப்பால முதல்ல அச்சுல போட்டவர், அதுவும் எதுல, ஒரு மதப் புத்தகத்துல! கடவுள் ஒருத்தரே மூணு ஆளா இருக்காருங்கிற திரித்துவம் தப்பு, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கறது தப்புன்னு அதே புத்தகத்துல எழுதினாரு. வந்தது வினை. பிரான்ஸ்ல கத்தோலிக்கங்க பிடிச்சாங்க, ஜெயில்லேர்ந்து தப்பிச்சாரு, ஆள் கிடைக்காம அவரோட உருவத்தை மட்டும் எரிச்சாங்க. சரி ஓடினவரு எங்கயாவது போயிருக்கலாம்ல, புராட்டஸ்டண்ட் மதத் தலைவர் கால்வின் இருக்கிற ஜெனீவாவுக்கே வந்தாரு, அதுவும் சர்ச்சுக்குப் போய் உட்கார்ந்தாரு. பிடிச்சுட்டாங்க. ஜெயில்ல பேன் கடிக்குது, துணி கிழிஞ்சு தொங்குதுன்னு நகர சபைக்கு லெட்டர் போட்டிருக்காரு, படிச்சா மனசு கஷ்டமா இருக்கும். 1553 அக்டோபர் 27, உயிரோட எரிச்சாங்க. எரிக்க வேணாம், தலையை வெட்டுங்கன்னு கால்வின் கேட்டாரு, இதைச் சிலர் கருணைன்னு சொல்றாங்க, எனக்கு அப்படித் தோணல.

இப்போ கல்லுக்கு வருவோம். சரியா 350 வருஷம் கழிச்சு, 1903ல, கால்வின் வழி வந்தவங்களே பரிகாரமா வச்ச கல்லு அது. கொன்ன பக்கத்து ஆளுங்களே கல்லு வைக்கறது லேசுப்பட்ட காரியம் இல்ல, ஒத்துக்கறேன். ஆனா என்ன எழுதியிருக்காங்க? ஒரு பக்கம் செர்வெட்டஸ் பேரு, பிறந்த தேதி, ஷாம்பெல்ல சிதையில இறந்தாருன்னு. அவ்ளோதான்! யார் நெருப்பு வச்சா? எதுக்கு வச்சா? ஒண்ணும் இல்ல, ஏதோ அவரா போய் இறந்த மாதிரி. அடுத்த பக்கம் போனீங்கன்னா, நாங்க கால்வினோட மரியாதையும் நன்றியும் உள்ள பிள்ளைங்க, ஆனா அந்த நூற்றாண்டோட தப்பைக் கண்டிக்கிறோம்னு ஆரம்பிக்குது. அதாவது தப்பு பண்ணது நூற்றாண்டு! செர்வெட்டஸ் பேரு இருக்கிற பக்கம் கால்வின் பேரு இல்ல, அடுத்த பக்கம் இருக்கு, அதுவும் பாராட்டா. நான் திரும்பத் திரும்பச் சொல்றேன்னு நினைக்காதீங்க, இந்தக் கல்லுல இருக்கிறது செத்தவரோட கதை இல்ல, வச்சவங்களோட கதை.

இதே சமயத்துலதான் க்ளோதில்ட் ரோக்னு ஒரு பெண் சிற்பி, ஜெயில்ல கிழிஞ்ச துணியோட ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற செர்வெட்டஸைச் செஞ்சாங்க. ஜெனீவா வேணாம்னுடுச்சு. எல்லைக்கு அந்தப் பக்கம் ஆன்மாஸ்ங்கிற பிரெஞ்சு ஊர்ல 1908ல வச்சாங்க. ரெண்டாம் உலகப்போர் சமயத்துல, ஜெர்மனியோட ஒத்துப்போன பிரான்ஸோட விஷி அரசு அதைப் பேர்த்தெடுத்து உருக்கிடுச்சு, பாருங்க, மனுஷனுக்கு நடந்ததே சிலைக்கும். 1960ல மறுபடி வார்த்து வச்சாங்க. அப்புறம் 2011ல, அவர் பிறந்து 500 வருஷம்னு, ஒருவழியா ஜெனீவாவே அதோட பிரதியை அந்தக் கல்லு பக்கத்துல வச்சுது. நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு, நாலஞ்சு மைல் தாண்டி வர்றதுக்கு! இப்போ ஜெனீவா யுனிவர்சிட்டி மெடிக்கல் சென்டர் இருக்கிறதே அவர் பேர்ல உள்ள தெருலதான்.

கை காட்டறாங்க, நேரம் ஆச்சாம். காஸ்டெல்லியோன்னு ஒருத்தரைப் பத்தித்தான் நிறைய எழுதிட்டு வந்தேன், சுருக்கமா சொல்லிடறேன். கால்வினோட ஜெனீவா ஸ்கூல்லயே தலைமை வாத்தியாரா இருந்தவர், அப்புறம் பாசெல்ங்கிற ஊருக்குப் போயிட்டாரு. எரிச்ச அடுத்த வருஷமே, 1554ல, வேற பேர்ல மறைஞ்சு, மதத்துக்காக ஆளைக் கொல்லாதீங்கன்னு புத்தகம் போட்டாரு. அவரும் அதே நூற்றாண்டுதானேங்க? வணக்கம்.