கைப்புண்ணும் கண்ணாடிக் குழாயும்

(மேலூரில் நடந்த மக்கள் நல்வாழ்வுக் கூட்டத்தில் பேசியது. பேசியபடியே எழுதியிருக்கிறேன், இரண்டொரு இடத்தில் மட்டும் வெட்டி.)

விழாத் தலைவர் அவர்களே, மேடையை அலங்கரிக்கும் மருத்துவர் பெருமக்களே, ஊராட்சித் தலைவர் அவர்களே, எனக்கு ஒன்பதாம் வகுப்பில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து இன்று முன்வரிசையில் உட்கார்ந்து என்னைப் பயமுறுத்திக்கொண்டிருக்கும் ஆசிரியர் ஐயா அவர்களே, பந்தல் போட்ட தம்பிகளே, சுண்டல் வரும் என்று காத்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

பொன்னாடைகள் போர்த்தி முடியச் சரியாக 20 நிமிடம் ஆயிற்று. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். 31 வருடம் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தவனுக்கு 20 நிமிடம் என்றாலே வேறொரு ஞாபகம் வரும். அதை அப்புறம் சொல்கிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'ரத்தம் உறைவதை அறியும் கையடக்கக் கருவிகள்'. இந்தக் கருவி எதற்கு, எப்படி வேலை செய்கிறது, என்ன விலை என்று மூன்றையும் சொல்லப்போகிறேன்.

என் அப்பத்தா வாயில் எப்போதும் ஒரு பழமொழி இருக்கும். 'கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு?' கையில் இருக்கிற புண் கண்ணுக்குத் தெரிகிறது, அதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டாம். சரிதான். ஆனால் ரத்தம் உள்ளே உறைகிறதா, உறையாமல் ஓடுகிறதா என்பது எந்தக் கண்ணுக்குத் தெரியும்? அங்கேதான் கண்ணாடி வேண்டியிருக்கிறது.

கொட்டாம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சின்ன வயதில் தொண்டைவலியும் மூட்டுவலியுமாக வந்த காய்ச்சல் இதயத்தைத் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது. வால்வு கெட்டு, உலோக வால்வு வைத்திருக்கிறார்கள். அதில் ரத்தம் கட்டாமல் இருக்க வாழ்நாள் முழுக்க மாத்திரை. நம் மக்கள் 'ரத்தம் இளக்குற மாத்திரை' என்பார்கள். அந்த வகையில் ஒன்றான வார்ஃபரின் 1948இல் எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது, 1954இல் மனிதருக்கு மருந்தானது. எலிமருந்து என்றதும் முகம் சுளிக்காதீர்கள். எத்தனையோ உயிரைக் காப்பாற்றிய மருந்து அது. ஆனால் அளவு கூடினால் ரத்தம் கசியும், குறைந்தால் வால்வில் கட்டிக்கொள்ளும். அதைப் பார்க்கத்தான், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண். மாத்திரை சாப்பிடாதவருக்கு 1 அளவில் இருக்கும். ஈரிதழ் வால்வு இருக்கும் இடத்தில் உலோக வால்வு வைத்தவருக்குப் பொதுவாக 2.5லிருந்து 3.5க்குள் நிற்க வேண்டும். ஒரு வாரம் முருங்கைக்கீரையை அள்ளிச் சாப்பிட்டு மறுவாரம் அடியோடு விட்டால்கூட இந்த எண் ஆடும். கீரையே கூடாது என்று யாரும் பயமுறுத்தினால் நம்பாதீர்கள். அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும்.

இந்த ஒரு எண்ணுக்காக விடியற்காலை பஸ் பிடித்து, மதுரைப் பெரியாஸ்பத்திரியில் வரிசையில் நின்று, நீலமூடிக் குழாயில் ரத்தம் கொடுத்துவிட்டு, முடிவு வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒருநாள் கூலி போயிற்று. கையடக்கக் கருவி இருந்தால் விரல்நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், கிட்டத்தட்ட ஒரு நிமிடத்தில் எண். சர்க்கரை பார்க்கிற மாதிரிதான்.

எப்படி வேலை செய்கிறது? கருவியில் செருகும் சோதனைப் பட்டையில் ரத்தத்தை உறையத் தூண்டும் பொருள் தடவியிருக்கும். ரத்தம் பட்டதும் உள்ளே திராம்பின் என்ற நொதி உண்டாகும். இன்று பரவலாக உள்ள கருவி ஒன்று, அந்தத் திராம்பின் பட்டையில் இருக்கும் இன்னொரு பொருளை வெட்டும்போது எழும் மின்னோட்டத்தைத்தான் அளக்கிறது. கவனியுங்கள், அது உறைந்த ரத்தத்தைப் பார்ப்பதில்லை. இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது அந்த 20 நிமிடக் கதை.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. அறுப்பு நேரம். வயலில் நெல் இருந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே யார் வருவார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒருவரை மச்சினன் டி.வி.எஸ். 50இல் கொண்டுவந்து இறக்கினார். காலில் கடி. மச்சினன் கையில் ஒரு மஞ்சப்பை. "டாக்டரம்மா, கண்ணாடி விரியன். அடிச்சே கொண்டாந்துட்டேன்" என்று பையை மேசைமேல் கவிழ்த்தார். அடித்தது உண்மைதான், ஆனால் பாம்புக்கு அதில் உடன்பாடில்லை போலிருக்கிறது. விழுந்த வேகத்தில் எழுந்து கட்டிலுக்கு அடியில் ஓடிவிட்டது. நர்ஸம்மா ஸ்டூல்மேல், நான் மேசைமேல், காலில் கடிபட்டவர் எங்கள் எல்லோருக்கும் முன்னால் வாசலில்!

பாம்பு என்ன பாம்பு என்று யாரும் பார்க்கவில்லை. டாக்டரம்மா பதறவில்லை. "அண்ணே, 20 நிமிஷ டெஸ்ட் போடுங்க" என்றார். எளிய சோதனை. 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் விட்டு, அசைக்காமல் 20 நிமிடம் வைத்து, பிறகு சாய்த்துப் பார்க்க வேண்டும். உறைந்திருந்தால் நல்லது. தண்ணீராக ஓடினால் விரியன் விஷம் ரத்தத்தில் வேலை செய்கிறது என்று பொருள். சாய்த்தேன். ஓடியது!

மச்சினன் அழ ஆரம்பித்துவிட்டார். டாக்டரம்மா மட்டும் காலைப் பார்க்கிறார், குழாயைப் பார்க்கிறார். வீக்கம் இல்லை, வலியும் பெரிதாக இல்லை. "அண்ணே, உங்க ரத்தத்தையும் ஒரு குழாயில விடுங்க." விட்டேன். இன்னொரு 20 நிமிடம். சாய்த்தால் என் ரத்தமும் வைகைத் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. டாக்டரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்ணே, உங்களையும் கடிச்சிருச்சா?"

தப்பு என்னுடையது. நான் கொஞ்சம் சுத்தக்காரன். பழைய குழாய்களைச் சோப்புத்தூள் போட்டு, கண்ணைப் பறிக்கிற மாதிரி கழுவி அடுக்கியிருந்தேன். கண்ணாடியின் மேற்பரப்புப் பட்டால்தான் ரத்தத்தில் உள்ள 12ஆம் காரணி என்ற புரதம் விழித்து உறைதலைத் தொடங்கும். சோப்புப் படலம் அதைத் தடுத்துவிட்டது. பெட்டியிலிருந்து புதுக் குழாய் எடுத்து இருவருக்கும் போட்டோம், இரண்டும் கல்லாக உறைந்தன. விஷமுறிவு மருந்து குதிரை ரத்தத்திலிருந்து எடுப்பது, தேவைப்படாதவருக்குப் போட்டால் வீணாக ஒவ்வாமையில் கொண்டுபோய் விட்டுவிடலாம். அந்த ஆபத்து தப்பியது. விடிந்ததும் பீரோவுக்குப் பின்னால் பாம்பைப் பிடித்தார்கள். நல்ல நீளமான சாரை! மச்சினன் அதற்கப்புறம் அந்தப் பக்கமே வரவில்லை.

சிரித்தது போதும். இன்றைக்கு நான் வந்த காரியமே இந்தக் குழாய்தான். ஆய்வகங்களில் எல்லாம் பிளாஸ்டிக் வந்துவிட்டது. பிளாஸ்டிக் குழாயில் இந்தச் சோதனை நம்பத்தக்கதல்ல. கையடக்கக் கருவி இருக்கிறதே என்பீர்கள். கண்ணாடி விரியன் விஷம் ரத்தத்தில் நாராக மாறி உறையவைக்கும் ஃபைப்ரினோஜன் என்ற புரதத்தைத் தின்றுதீர்க்கிறது, உறைய நாரே இருக்காது. திராம்பினை மட்டும் பார்க்கும் கருவிக்கு அது தெரியாது. பாம்புக்கடியில் இத்தகைய கருவி தவறாகக் காட்டியதை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். போதாக்குறைக்குப் பட்டைகளை 30 டிகிரிக்கு மேல் வைக்கக் கூடாது. சித்திரை மாதம் நம் ஊர்த் துணைச் சுகாதார நிலையத்தில் 30 டிகிரிக்கு எங்கே போவது?

உறைதலையே நேரில் பார்க்கும் கருவியும் வருகிறது. 2022இல் சியாட்டிலில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் செல்போனை வைத்தே செய்து காட்டினார்கள். குட்டிக் கிண்ணத்தில் ஒரு சொட்டு ரத்தம், அதில் ஒரு செம்புத் துணுக்கு. போன் அதிரும்போது துணுக்கு அசையும், கேமரா பார்த்துக்கொண்டிருக்கும். ரத்தம் உறைந்தால் அசைவு நிற்கும். அந்தக் குழுவில் ஒருவரான ஷியாம் கொல்லகோட்டா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர், அதற்கு ஒரு கைதட்டல் கொடுங்கள். பக்கத்துத் திருவனந்தபுரத்தில் சித்திரைத் திருநாள் நிறுவனம் வால்வையே செய்து 1990இல் மனிதருக்குப் பொருத்தியது. வால்வு செய்யத் தெரிந்த நமக்கு, நம் வெயிலைத் தாங்குகிற, நம் விரியனை அறிந்த ஒரு கருவி செய்ய முடியாதா? முடியும். அது வரும்வரை?

அதுவரை கைப்புண்ணுக்கு வேண்டாத கண்ணாடி, பாம்புக்கடிக்கு வேண்டும். 2024இல் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை, மருத்துவமனைகள் அரசுக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக ஆக்கியிருக்கிறது. நல்ல காரியம். அதோடு ஒவ்வோர் ஆரம்பச் சுகாதார நிலையத்திலும் கழுவாத புதுக் கண்ணாடிக் குழாய் ஒரு பெட்டி, ஓடுகிற சுவர்க்கடிகாரம் ஒன்று, ராத்திரியிலும் இதைச் செய்யத் தெரிந்த ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

விலையைப் பற்றிச் சொல்கிறேன் என்றேன். தலைவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டுகிறார், அவர் பொன்னாடைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தை என்னிடமிருந்து பிடித்துக்கொள்கிறார். சரி. ஆட்சியருக்குக் கொடுக்கும் மனு சுண்டல் கொடுக்கிற மேசையில் இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டுச் சுண்டல் வாங்குங்கள். பேனாவைத் திருப்பி வைத்துவிட்டுப் போங்கள், அது ஆசிரியர் ஐயாவுடையது.