செத்த மாட்டை யார் எடுப்பது?

வணக்கம். திருவல்லிக்கேணியில் ஒரு மாடு நோய் வந்து செத்துப்போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாட்டுக்காரர் குடியிருப்பதே சந்துக்குள்தான், அவர் எங்கே போய்ப் புதைப்பார்? 2009-இல் வந்த விலங்குத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டமோ, உடல் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதை முறைப்படி அப்புறப்படுத்த வேண்டும் என்கிறது. ஆற்றிலோ ஏரியிலோ கால்வாயிலோ போட்டால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், மறுபடி செய்தால் 5,000 ரூபாய் அல்லது மூன்று மாதம் வரை சிறை. சரி, ராத்திரியில் கூவத்தில் தள்ளிவிட்டுப் போகிறவரை யார் பார்க்கப்போகிறார்கள்?

கால்நடை மருத்துவராக எனக்கு அதிகம் பயம் அடைப்பான் நோய்தான், ஆந்த்ராக்ஸ் என்றால் பலருக்கும் தெரியும். 2022 மார்ச்சில் நம் ஐஐடி வளாகத்தில் செத்த புள்ளிமானுக்கே அது உறுதியானது. நன்றாக நின்ற மாடு திடீரென்று விழும், மூக்கிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் வடியும். அப்படிப் பார்த்தால் அறுக்கக் கூடாது, தோல் உரிக்கக் கூடாது. ஏன், நாங்களே பிரேதப் பரிசோதனை செய்ய மாட்டோம், காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்ப்பதோடு சரி. உடல் மூடியபடி இருந்தால் உள்ளே இருக்கும் கிருமி அழுகலில் சில நாளில் பெரும்பாலும் அழிந்துவிடும். அறுத்துக் காற்றுப் பட்டால் அது ஓடு கட்டி வித்தாக மாறி, வருடக்கணக்காக மண்ணில் கிடந்து, மேய வரும் அடுத்த மாட்டைப் பிடிக்கும்.

அதனால் எரிப்பதுதான் நல்லது. ஆழக் குழி தோண்டலாம்தான், ஆனால் நம் கடலோர மணலில் நாலடி தோண்டினாலே தண்ணீர் ஊறும் இடங்கள் இருக்கின்றன.

நான் வேலையில் இருந்தபோது ஒரு அம்மா, நோய் என்று சொன்னால் மிச்ச மாட்டையும் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்று பயந்து இரண்டு நாள் மறைத்துவிட்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனசு வரவில்லை. பறவைக்காய்ச்சலுக்காகக் கோழிகளை அழித்தால் இழப்பீடு கொடுக்கிறோமே, நோயில் மாடு செத்ததை மறைக்காமல் சொல்கிறவருக்கும் கொடுக்க வேண்டும். கூப்பிட்ட அன்றைக்கே காசு கேட்காமல் ஒரு மூடிய வண்டி வர வேண்டும். அபராதத்தைக் கூட்டுவதெல்லாம் அப்புறம்.

உங்கள் தெருவில் இப்படி நடந்தால் மாநகராட்சியின் 1913-க்குச் சொல்லுங்கள், நோய் சந்தேகம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். வண்டி வரும்வரை நாயும் காக்கையும் அண்டாமல் ஒருவர் தள்ளி நின்று காவல் பார்த்தால் போதும்.