எழுதுவது மாணவர், பதில் சொல்வது நான்

வணக்கம் நேயர்களே. அமெரிக்கச் சட்டக் கல்லூரிகளில் டெக்னாலஜி லா கிளினிக் என்று ஒன்று நடக்கிறதாமே, அதில் டீச்சிங் ஃபெல்லோ என்று ஒரு வேலை இருக்கிறதாமே, அதைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று நிலையத்திலிருந்து கேட்டார்கள். அப்படி ஒரு கிளினிக்கில் ஃபெல்லோவாக இருந்துவிட்டு வந்தவன் நான். எந்தக் கல்லூரி என்று சொல்லப்போவதில்லை. அங்கே வந்த கட்சிக்காரர்களைப் பற்றியும் சொல்ல முடியாது, ஏனென்றால் வக்கீல் தொழிலில் வாயைக் கட்டுவது வேலையை விட்ட பிறகும் தொடர்கிற விஷயம். அதனால் கடிதம், வரைவு என்று உதாரணம் வரும் இடங்களில் நானே கட்டிச் சொல்கிறேன். வேலை நடக்கும் விதம் மட்டும் நிஜம்.

கிளினிக் என்றால் கல்லூரிக்குள்ளேயே இயங்கும் ஒரு வக்கீல் ஆபீஸ். பணம் கொடுத்து வக்கீல் வைக்க முடியாதவர்கள் வருவார்கள், படிக்கிற மாணவர்கள் அவர்களுக்காக வேலை செய்வார்கள், செய்த வேலைக்கு மார்க்கும் உண்டு. இன்னும் வக்கீலாகப் பதிவு செய்யாத மாணவர் இதை எப்படிச் செய்யலாம் என்று கேட்பீர்கள். அதற்கென்றே அங்கே மாநில நீதிமன்றங்கள் மாணவர் பயிற்சி விதி என்று வைத்திருக்கின்றன. லைசென்ஸ் உள்ள ஒரு வக்கீலின் மேற்பார்வையில் மாணவர் கட்சிக்காரருக்கு ஆலோசனை சொல்லலாம், மனு எழுதலாம், சில இடங்களில் ஆஜராகவும் செய்யலாம். அந்த லைசென்ஸ் உள்ள வக்கீல்தான் கிளினிக் இயக்குநரும், அவருக்குக் கீழே இரண்டு வருடத்துக்கு வந்து உட்காரும் ஃபெல்லோவும். எழுதுவது மாணவர், அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் ஃபெல்லோ. இந்த வேலையின் சுகம், கஷ்டம் இரண்டுமே இதில்தான் இருக்கிறது.

ஏற்பாடு ஒன்றும் புதிதில்லை. ட்யூக் பல்கலைக்கழகத்தில் 1931-லேயே ஒரு சட்டக் கிளினிக் இருந்தது. நாடு முழுக்கப் பரவியது 1968-க்குப் பிறகு, ஃபோர்டு அறக்கட்டளை இதற்கென்று பணத்தை இறக்கியபோது. அந்தக் காலத்துக் கிளினிக் என்றால் வீட்டைக் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் வாங்கிய குடித்தனக்காரர், சின்ன வழக்கில் மாட்டிய ஏழை, இப்படிப்பட்டவர்கள்தான். தொழில்நுட்பம் உள்ளே வந்தது 1990-களின் கடைசியில். ஹார்வர்டில் சைபர்லா கிளினிக் 1999-ல் தொடங்கியது. அதை ஒட்டியே பெர்க்லியில் ஒன்று வந்தது, பமீலா சாமுவேல்சன் என்ற பதிப்புரிமைச் சட்டப் பேராசிரியரும் அவர் கணவர் ராபர்ட் க்ளுஷ்கோவும் கொடுத்த நன்கொடையில். அந்தத் தம்பதி பிறகு கொலராடோ, வாஷிங்டனில் அமெரிக்கன் யூனிவர்சிட்டி, கனடாவில் ஒட்டாவா என்று வரிசையாகக் கொடுத்துக்கொண்டே போனார்கள், அதனால்தான் இந்தத் துறையில் பல கிளினிக்குகளின் பெயரில் இவர்கள் பெயர் இருக்கும். 2014-ல் அமெரிக்க வழக்கறிஞர் சங்கம், ஒவ்வொரு மாணவரும் குறைந்தது 6 கிரெடிட்டாவது செய்முறைப் படிப்பில் முடித்தாக வேண்டும் என்று விதி போட்டது. கிளினிக்குகளின் இடம் இன்னும் கெட்டியானது.

சரி, டெக்னாலஜி கிளினிக்குக்கு யார் வருகிறார்கள்? ஆவணப்படம் எடுப்பவர், ஓப்பன் சோர்ஸ் மென்பொருள், அதாவது யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளும்படி நிரலைத் திறந்துவைத்த மென்பொருள், எழுதிவிட்டுப் பெரிய கம்பெனியிடமிருந்து மிரட்டல் கடிதம் வாங்கியவர், அரசிடம் தகவல் கேட்டுக் கிடைக்காத பத்திரிகையாளர், பார்வையற்றோருக்கான அமைப்புகள். அப்புறம் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர்கள், அதாவது ஒரு பொருளிலோ மென்பொருளிலோ ஓட்டை இருக்கிறதா என்று தேடிக் கண்டுபிடித்துச் சொல்கிறவர்கள். இவர்களுக்கு எதற்கு வக்கீல் என்று தோன்றலாம். 2008-ல் பாஸ்டனில் நடந்ததைச் சொல்கிறேன். எம்.ஐ.டி. மாணவர்கள் மூன்று பேர் அந்த ஊர் ரயிலின் கட்டண அட்டையில் ஓட்டை இருப்பதைக் கண்டுபிடித்து, லாஸ் வேகஸில் டெஃப்கான் என்ற ஹேக்கர்கள் மாநாட்டில் பேசுவதாக இருந்தார்கள். போக்குவரத்து நிர்வாகம் நீதிமன்றத்துக்குப் போய், பேசக்கூடாது என்று ஆகஸ்ட் 9 அன்று இடைக்காலத் தடை வாங்கிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், மாணவர்களின் ஸ்லைடுகள் மாநாட்டுக்கு வந்தவர்கள் கையில் ஏற்கனவே சி.டி.யாகப் போய்ச் சேர்ந்திருந்தன. அது போதாதென்று, மாணவர்கள் நிர்வாகத்துக்கு ரகசியமாகக் கொடுத்த அறிக்கையை நிர்வாகமே தன் மனுவோடு இணைத்துத் தாக்கல் செய்ததில் அதுவும் வெளியே வந்துவிட்டது. பத்து நாளில் தடை நீங்கியது, ஆனால் மாநாடு அதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. இப்படிப்பட்ட சம்பவங்கள் சில நடந்த பிறகுதான், எம்.ஐ.டி. மாணவர்களுக்கு ஆலோசனை சொல்லவென்றே பாஸ்டன் யூனிவர்சிட்டி சட்டக் கல்லூரியோடு சேர்ந்து கிளினிக் தொடங்கினார்கள்.

இந்த உலகத்தில் திரும்பத் திரும்ப வரும் சட்டம் ஒன்று இருக்கிறது, 1998-ல் வந்த டி.எம்.சி.ஏ., டிஜிட்டல் காலத்துக்கான அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம். அதன் 1201-ஆவது பிரிவு, பதிப்புரிமை உள்ள படைப்புக்குப் போட்டிருக்கும் டிஜிட்டல் பூட்டை உடைக்கக் கூடாது என்கிறது. நீங்கள் காசு கொடுத்து வாங்கிய டி.வி.டி.யாக இருந்தாலும், உங்கள் காரில் ஓடும் மென்பொருளாக இருந்தாலும் இதே கதைதான். ஆனால் மூன்று வருடத்துக்கு ஒருமுறை விதிவிலக்கு கேட்கலாம். பதிப்புரிமை அலுவலகம் விசாரித்துப் பரிந்துரைக்கும், காங்கிரஸ் நூலகர், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தலைவர், முடிவு செய்வார். இப்படித்தான் 2010-ல் ஐஃபோனை ஜெயில்பிரேக் செய்வதற்கு, அதாவது கம்பெனி அனுமதிக்காத ஆப்களும் ஓடும்படி பூட்டைத் திறப்பதற்கு, விதிவிலக்கு கிடைத்தது, 2015-ல் காரும் பாதுகாப்பு ஆராய்ச்சியும் வந்தன, 2021-ல் புத்தகங்களையும் படங்களையும் கணினியால் மொத்தமாக அலசும் ஆய்வாளர்களுக்குக் கிடைத்தது. அந்த 2021 மனுவில் ஆத்தர்ஸ் அலையன்ஸ் என்ற எழுத்தாளர் அமைப்புக்காக வேலை செய்தது பெர்க்லி கிளினிக். கொலராடோ கிளினிக்கும் கலிஃபோர்னியா அர்வைன் கிளினிக்கும் இதே களத்தில் பழம் தின்று கொட்டை போட்டவை. ஒரு மத்திய அரசு விதியையே மாற்றும் மனுவை இன்னும் பட்டம் வாங்காத மாணவர்கள் உட்கார்ந்து எழுதுகிறார்கள், எதிர்ப்பக்கம் சினிமா ஸ்டுடியோக்களின் வக்கீல்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது.

ஆனால் இதில் ஒரு சிக்கல். விதிவிலக்கு கேட்கும் சுற்று ஒரு வருடத்துக்கு மேல் ஓடும்: மனு, ஆதார ஆவணங்கள், எதிர்த்தரப்பின் பதில், அதற்கு நம் பதில், வாய்மொழி விசாரணை, பிறகு காத்திருப்பு. செமஸ்டரோ 14 வாரம்தான். மனுவை எழுதிய மாணவர் விசாரணைக்கு இருக்க மாட்டார், விசாரணையில் பேசியவர் முடிவு வரும்போது பட்டம் வாங்கிப் போயிருப்பார். கட்சிக்காரரின் கோணத்தில் பாருங்கள், ஜனவரியில் ஒரு புது முகம், ஆகஸ்டில் இன்னொரு புது முகம், ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டும். ஃபெல்லோவை வைத்திருப்பதன் முக்கியக் காரணமே இதுதான் என்று நான் நினைக்கிறேன், விளம்பரத்தில் இதை எழுத மாட்டார்கள். கிளினிக்கின் ஞாபகம் ஃபெல்லோதான். கோடை விடுமுறையில் மாணவர் யாரும் இல்லாதபோது கட்சிக்காரரின் மெயிலுக்குப் பதில் போடுவதும், கெடு தேதியைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான்.

செமஸ்டர் முடிவில் மாணவர்கள் அடுத்து வருபவருக்காக ஒரு ஒப்படைப்புக் குறிப்பு எழுத வேண்டும். முதல் வரைவு எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: சட்டம் எட்டுப் பக்கம், ஆளைப் பற்றி இரண்டு வரி. நான் திருப்பி அனுப்பிவிடுவேன். சட்டத்தை அடுத்த மாணவர் தேடிக்கொள்வார். எந்தத் தேதியில் எது தாக்கல் ஆக வேண்டும், எந்த வாக்குறுதியை வாயால் கொடுத்திருக்கிறோம், எந்தக் கோப்பு எந்தப் பெயரில் எங்கே இருக்கிறது, கட்சிக்காரர் ஃபோனை எடுப்பாரா அல்லது சிக்னல் ஆப்பில் மெசேஜ் போட்டால்தான் பேசுவாரா, எந்த விஷயத்தைப் பற்றிக் கேட்டால் அவருக்குக் கோபம் வரும், இதையெல்லாம் எழுதுங்கள் என்பேன். முனகிக்கொண்டே எழுதுவார்கள். ஆனால் அடுத்த செமஸ்டர்க்காரர்கள் முதல் நாளிலேயே படித்து உருப்படுவது அந்தப் பகுதியைத்தான்.

இப்போது கற்றுக்கொடுக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் கடையில் வாங்கிய ஒரு கருவியைப் பிரித்துப் பார்த்து ஓட்டை கண்டுபிடித்திருக்கிறார், இதை வெளியிட்டால் தனக்கு ஆபத்தா என்று கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாணவி நாலு பக்கம் ஆலோசனைக் கடிதம் எழுதி வருகிறார். மூன்றாவது பக்கத்தில் ஒரு வரி: "பாதுகாப்பு ஆராய்ச்சிக்கான விதிவிலக்கு இருப்பதால் உங்களுக்குச் சட்டப்படி முழுப் பாதுகாப்பு உண்டு." இந்த வரி தப்பு. அந்த விதிவிலக்கு 1201-இல் பூட்டை உடைக்கும் செயலுக்கு மட்டும்தான். கம்ப்யூட்டரில் அனுமதியில்லாமல் நுழைவது பற்றிய 1986-ஆம் வருடத்துச் சட்டம், சி.எஃப்.ஏ.ஏ., தனியாக நிற்கிறது. கருவியோடு வந்த ஒப்பந்தத்தில் அவர் எதற்கு 'சரி' என்று க்ளிக் செய்தார் என்பது வேறு கேள்வி. பூட்டை உடைக்கத் தானே எழுதிய நிரலை அவர் எல்லோருக்கும் கொடுத்தால் அது இன்னொரு கேள்வி, ஏனென்றால் உடைப்பதற்குத்தான் விதிவிலக்கு, உடைக்கும் கருவியை ஊருக்குக் கொடுப்பதற்கு இல்லை.

எனக்கு இதெல்லாம் தெரியும், அந்த வரியை அடித்துவிட்டு நானே ஒரு பத்தி எழுத இருபது நிமிடம் போதும். ஆபீஸில் ஜூனியர் எழுதியதை சீனியர் அப்படித்தான் திருத்துவார். ஃபெல்லோ செய்ய வேண்டியது வேறு. ஓரத்தில் நான் எழுதுவது இவ்வளவுதான்: "முழு என்கிறீர்களே, எதிலிருந்தெல்லாம்?" மாணவி போய்ப் படித்துவிட்டு அடுத்த வரைவில் சி.எஃப்.ஏ.ஏ.-வைக் கொண்டுவருவார், கூடவே 2021-ல் உச்ச நீதிமன்றம் வான் பியூரன் வழக்கில் அந்தச் சட்டத்தின் வீச்சைச் சுருக்கியதையும் கண்டுபிடித்துவிட்டு, 'அப்படியென்றால் பிரச்சினையே இல்லை' என்று மறுபடியும் துள்ளிக் குதிப்பார். மறுபடியும் ஒரு கேள்வி: "அந்த வழக்கில் இருந்தது கம்ப்யூட்டரைப் பார்க்க அனுமதி உள்ள போலீஸ்காரர். நம் ஆளுக்கு அந்தக் கம்பெனியின் சர்வரில் அனுமதி இருந்ததா? அவர் சர்வரைத் தொட்டாரா, கருவியை மட்டும்தானா? கேட்டீர்களா?" கேட்டிருக்க மாட்டார். கட்சிக்காரரைத் திரும்பக் கூப்பிட்டுத்தான் ஆக வேண்டும். எனக்குத் தெரிந்தவரை மாணவர்கள் சட்டத்தில் தடுமாறுவது குறைவு, கட்சிக்காரரிடம் கேட்க வேண்டியதைக் கேட்காமல் வருவதுதான் அதிகம்.

கிளினிக் ஆசிரியர்கள் இடையே இதில் பெரிய சண்டையே உண்டு. விடையைச் சொல்லவே கூடாது, கேள்வி மட்டும்தான் கேட்க வேண்டும் என்று விரதம் மாதிரி இருப்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கெடுவுக்கு மூன்று வாரம் இருந்தால் கேள்வி கேளுங்கள். மூன்று மணி நேரம்தான் இருக்கிறது என்றால் கீபோர்டை இழுத்து வைத்து எழுதிவிட்டு, ஏன் அப்படி எழுதினேன் என்று அப்புறம் உட்கார்ந்து சொல்லுங்கள். மாணவரின் பாடத்துக்காகக் கட்சிக்காரர் விலை கொடுக்கக் கூடாது. பாதி இரவில் மாணவரைக் கேள்வியால் வாட்டி எடுப்பது கற்பித்தலும் இல்லை, அது வேறு ஏதோ.

கிளினிக் என்றால் எல்லோருக்கும் பிடித்த புண்ணிய காரியம் என்றும் நினைக்காதீர்கள். லூசியானாவில் டுலேன் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் கிளினிக், ஒரு ரசாயனத் தொழிற்சாலையை எதிர்த்த ஊர்க்காரர்களுக்காக வேலை செய்தது. 1998-ல் அந்த மாநில உச்ச நீதிமன்றம் மாணவர் பயிற்சி விதியையே இறுக்கிவிட்டது. யாருக்காக வேலை செய்கிறீர்கள் என்பது யாரையாவது உறுத்தத்தான் செய்யும். பெரிய தொழில்நுட்பக் கம்பெனிகள் பல்கலைக்கழகங்களுக்கு ஆராய்ச்சிப் பணம் கொடுக்கும் காலத்தில், கட்சிக்காரரை ஏற்கும் முன் நலன்களில் முரண்பாடு இருக்கிறதா என்று பார்ப்பதை நான் சடங்காக நினைத்ததில்லை.

விண்ணப்பிக்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறை விஷயங்கள். பெரும்பாலும் இரண்டு வருடம். ஜார்ஜ்டவுன் மாதிரி இடங்களில் முடிவில் எல்.எல்.எம். என்ற சட்ட முதுகலைப் பட்டமும் தருகிறார்கள். சில வருடம் வக்கீலாக வேலை பார்த்தவர்களையே விரும்புவார்கள். மேற்பார்வை செய்ய வேண்டும் என்பதால் அந்த மாநில லைசென்ஸ் இருக்கிறதா, இல்லையென்றால் எப்படி வாங்குவீர்கள் என்று முதலிலேயே கேட்பார்கள், வெளிநாட்டிலிருந்து போகிறவர்கள் விளம்பரத்தின் அந்த வரியை இரண்டு முறை படிக்க வேண்டும். பல்கலைக்கழகங்களுக்கு எச்-1பி வேலை விசாவின் வருடாந்திர உச்சவரம்பு பொருந்தாது என்பது ஒரு வசதி. சம்பளத்தில் மட்டும் கனவு வேண்டாம்: நியூயார்க் பெரிய நிறுவனங்களில் முதல் வருட வக்கீலுக்கே அடிப்படைச் சம்பளம் 2,25,000 டாலர், ஃபெல்லோவுக்குப் பொதுவாக அதில் பாதிகூட எட்டாது.

பேராசிரியர் ஆக வேண்டும் என்று போகிறவர்கள் கவனமாக இருங்கள். பேராசிரியர் வேலைக்கு ஆய்வுக் கட்டுரை வேண்டும், கிளினிக்கோ உங்கள் நேரத்தை எல்லாம் தின்றுவிடும். எழுத்துக்கு வாரத்தில் ஒரு நாள் எழுத்துபூர்வமாக ஒதுக்கித் தருவார்களா என்று நேர்காணலிலேயே கேட்டுவிடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டால் அந்த இடம் வேண்டாம். முன்பிருந்த ஃபெல்லோக்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள், முடிந்தால் அவர்களில் ஒருவரோடு பேசுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் நீங்கள் ஜெயித்த வழக்குகளை அடுக்காதீர்கள், அதை எல்லோரும் அடுக்குகிறார்கள். உங்களிடம் வேலை பார்த்த ஒரு ஜூனியரோ பயிற்சி மாணவரோ முதலில் எதைச் செய்யத் தெரியாமல் இருந்தார், நீங்கள் என்ன செய்தீர்கள், பிறகு அவர் தானாக எதைச் செய்தார் என்று ஒரு பத்தி எழுதுங்கள். எங்கள் கிளினிக்கில் விண்ணப்பங்களைப் பிரித்தபோது இயக்குநர் முதலில் தேடியது அந்தப் பத்தியைத்தான், அது இல்லாத கடிதங்கள் பெரும்பாலும் அடுத்த சுற்றுக்கு வரவில்லை. நேரம் கொடுத்த நிலையத்துக்கும் கேட்டுக்கொண்டிருந்த உங்களுக்கும் நன்றி, வணக்கம்.