இரண்டு மாதக் குழந்தைக்கு ஓர் ஊசி

நண்பர்களே, வணக்கம். டாக்டர் மதுரம் சந்தோஷம் புதுச்சேரி ஜிப்மரில் படித்தவர். அமெரிக்கா போய் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். இதுவரை நமக்குப் பழகின கதைதான். ஆனால் அவர் வேலை பார்க்கத் தேர்ந்தெடுத்தது அரிசோனா பக்கத்துப் பழங்குடி மக்களின் நிலத்தை. முதலில் அப்பாச்சி மக்களிடையே, வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைகளுக்கு உப்பு-சர்க்கரைக் கரைசல் கொடுக்கும் வேலை. அப்புறம் நவஹோ மக்கள்.

அங்கே பெரிய எமன் ஹிப் என்ற பாக்டீரியா. மூளைக்காய்ச்சல் வரும், பிழைத்தாலும் காது போகலாம். மற்ற அமெரிக்கக் குழந்தைகளைவிட நவஹோ குழந்தைகளைப் பல மடங்கு அதிகமாகத் தாக்கியது, அதுவும் சீக்கிரமே, பலரை ஆறு மாதம் முடிவதற்குள். முதலில் வந்த தடுப்பூசியோ ஒன்றரை, இரண்டு வயதுக்கு மேல்தான் பலன் தந்தது. நோய் வந்து போன பிறகு ஊசி எதற்கு?

சரி, இரண்டு மாதத்திலேயே பலன் தரும் ஊசி வேண்டும். அப்படி ஒரு புதுத் தடுப்பூசியை அவருடைய குழு 1988 முதல் 5,190 நவஹோ குழந்தைகளிடம் சோதித்தது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு டம்மி ஊசி. ஒன்றரை வயதுக்குள் டம்மி ஊசி போட்டவர்களில் 22 பேருக்கு நோய் வந்தது. மருந்து போட்டவர்களில் ஒரே ஒருவருக்கு. இதில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு கணக்கு. முதல் தவணைக்கும் இரண்டாம் தவணைக்கும் இடைப்பட்ட அந்தச் சில வாரங்களில் மட்டும் டம்மி பக்கம் 8 பேர். மருந்து பக்கம் ஒருவர்கூட இல்லை. முதல் ஊசியே காப்பாற்றியிருக்கிறது!

அந்த 22 பேரை நினைத்தால் சங்கடம்தான். சோதனையின் விலையைத் தந்தவர்கள் நவஹோ தாய்மார்கள். புகழைப் பேசும்போது நாம் இதை விட்டுவிடுகிறோம். 1990 டிசம்பரில் அமெரிக்கா கைக்குழந்தைகளுக்கு இந்த ஊசியை அனுமதித்தது. அதன் பலன் நாடு முழுவதற்கும் போனது.

எந்த ஹிப் ஊசியானால் என்ன என்று கேட்பீர்கள். அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்தில் 1996-ல் இந்த ஊசியை விட்டு வேறொரு ஹிப் ஊசிக்கு மாறினார்கள். அங்குள்ள பழங்குடிக் குழந்தைகளிடம் நோய் திரும்ப வந்துவிட்டது. பழைய ஊசிக்கே திரும்ப வேண்டியதாயிற்று.